வீட்டு விடயம்: பூனைக்கு எந்த இறைச்சி?



இம்முறை பூனைச் சாப்பாடு பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "வாடகை, டெனிஷ் வகுப்பு, வேலை தேடுதல் என்று தலைக்கு மேல் கவலை கிடக்க, பூனைக்கு ஒரு பக்கமா?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆனால் இஷொயில் எம்மவர் வாழும் மாடிவீடுகளிலும் பூனை வளர்க்கிறார்கள். டெனிஷ் சிநேகிதர் வீட்டில் ஒரு குட்டியைக் கண்டு வந்து, "அம்மா, எங்களுக்கும் ஒன்று" என்று பிள்ளைகள் தொடங்கினால், கொஞ்ச நாளில் குட்டி வீட்டுக்கு வந்துவிடும். வந்த பின்புதான் கேள்வி வரும்: இதற்கு என்ன கொடுப்பது?

வேலைத்தலத்தில் டெனிஷ்காரர் சிலர், "ரின் சாப்பாடு கூடாது, பச்சை இறைச்சிதான் பூனைக்கு இயற்கை" என்கிறார்கள். வீட்டிலே அம்மம்மா, "ஊரில் சோறும் மீன் தலையும் தின்று பூனை வளரவில்லையோ?" என்கிறார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் பாதிதான் இருக்கிறது. நாம் மிருக வைத்தியர்கள் அல்லர், தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். ஆனாலும் கேட்டும் வாசித்தும் அறிந்ததை, புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடியும் என்று நினைக்கிறோம்.

இதில் காசு விடயமும் உண்டு. எமக்கு வருத்தம் வந்தால் மஞ்சள் அட்டையைக் கொண்டு வைத்தியரிடம் போகலாம். பூனைக்கு மஞ்சள் அட்டை கிடையாது. மிருக வைத்தியருக்கு நாமே முழுக் காசும் கட்ட வேண்டும். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கப் போய், அதைப்போலப் பல மடங்கை வைத்தியருக்குக் கட்டும் நிலை வரக்கூடாது.

ஊர்ப் பூனையும் மாடிப் பூனையும்

அம்மம்மா சொல்வது உண்மைதான். ஊரில் பூனைக்கு நாம் வைத்தது சோறும் சொதியும், மீன் வெட்டும்போது எறிந்த செதிலும் குடலும்தான். ஆனால் அந்தப் பூனையின் உண்மையான சாப்பாடு எங்கே இருந்தது? கோடிப்புறத்தில் இருந்தது. எலி, சுண்டெலி, பல்லி, அரணை, அணில், குருவிக்குஞ்சு, வெட்டுக்கிளி என்று இரவெல்லாம் பிடித்துத் தின்றது. நாம் வைத்த சோறு அதற்கு மேலதிகம்.

ஓர் எலியை யோசித்துப் பாருங்கள். அதில் தசை உண்டு, இருதயம் உண்டு, ஈரல் உண்டு, எலும்பு உண்டு, இரத்தம் உண்டு. பூனைக்கு வேண்டிய எல்லாம் ஒரே பொட்டலத்தில் இருக்கிறது. ஊர்ப் பூனை தன் சாப்பாட்டைத் தானே சரிக்கட்டிக் கொண்டது. அப்படியிருந்தும் பல பூனைகள் இளவயதிலேயே செத்துப் போயின. ஏன் செத்தது என்று நாம் விசாரித்ததில்லை.

மாடிவீட்டுப் பூனையின் கதை வேறு. மூன்றாம் மாடியில், குளிர்காலத்தில், கதவும் யன்னலும் பூட்டிய வீட்டில் அதற்கு எலி ஏது? நாம் கோப்பையில் வைப்பதுதான் அதன் முழு உலகம். நாம் ஒரு சத்தை விட்டுவிட்டால் அதை வெளியே தேடிக் கொள்ள அதற்கு வழியில்லை. ஊர் வழக்கத்தை அப்படியே இங்கு கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான்.

பூனைக்கு வெள்ளிக்கிழமை இல்லை

நாம் இறைச்சி இல்லாமல் வாழலாம். நாய் கூட, கவனமாகக் கொடுத்தால், சமாளித்துக் கொள்ளும். பூனையால் முடியாது. அதன் உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நாம் கரட் தின்றால் எமது உடம்பு அதிலிருந்து விற்றமின் ஏ செய்து கொள்ளும். பூனையால் அது முடியாது. மிருகங்களின் உடம்பில் ஏற்கெனவே உருவான விற்றமின் ஏ தான் அதற்கு வேண்டும். எமது தோல் வெயிலில் விற்றமின் டி செய்யும். பூனையின் தோல் போதியளவு செய்யாது. எமக்குப் புரதம் குறைவாகக் கிடைத்தால் உடம்பு சிக்கனமாகச் செலவழிக்கும். பூனையின் ஈரலுக்குச் சிக்கனம் தெரியாது. புரதம் வந்தாலும் வராவிட்டாலும் அதை எரித்துக் கொண்டே இருக்கும். சாப்பாட்டில் இல்லையென்றால் தன் தசையையே கரைக்கும். புரதத்தின் ஒரு கூறாகிய ஆர்ஜினின் இல்லாத ஒரேயொரு வேளைச் சாப்பாடே பூனையின் இரத்தத்தில் அமோனியாவை நஞ்சாக ஏற்றிவிடும் என்று 1978இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நல்லவேளையாக ஆர்ஜினின் எல்லா இறைச்சியிலும் உண்டு.

மரக்கறிக் குடும்பங்களும், வெள்ளி செவ்வாய் விரதம் பிடிக்கும் வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும். எமக்கு வெள்ளிக்கிழமை உண்டு, பூனைக்கு இல்லை. வீட்டுக்குள் இறைச்சியே வரக்கூடாது என்று இருப்பவர்கள், பிள்ளை அழுகிறதே என்று பூனை வாங்காமல், ஒரு முயலையோ கிளியையோ வளர்ப்பது நல்லது. பருப்பும் சோறும் கொடுத்துப் பூனையைச் சைவமாக்குவது புண்ணியம் அல்ல.

டவுரின் என்ற ஒரு பொருள்

கடையில் பூனைச் சாப்பாட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 'டவுரின்' என்ற சொல்லைக் காண்பீர்கள். இந்த ஒரு சொல்லின் கதையை அறிந்தால் எந்த இறைச்சியைத் தெரிவு செய்வது என்பதில் பாதி விளங்கிவிடும்.

டவுரின் என்பது தசையிலும் இருதயத்திலும் கண்ணிலும் இருக்கும் ஒரு பொருள். நாம் அதை உடம்பிலேயே செய்து கொள்வோம். பூனை போதியளவு செய்யாது. டவுரின் இல்லாத சாப்பாட்டால் பூனையின் கண்ணின் உட்படலம் அழிந்து குருடாகிறது என்று 1975இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகும், கடைச் சாப்பாடு தின்று வளர்ந்த பூனைகள் இருதயம் வீங்கி இறந்து கொண்டிருந்தன. 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மிருக வைத்தியர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சாப்பாடுகளில் இருந்த டவுரின் போதவில்லை. டவுரின் கொடுத்தபோது பல பூனைகளின் இருதயம் தேறியது. கொம்பனிகள் அளவைக் கூட்டின. அதன்பின் அந்த இருதய நோய் அரிதாகிவிட்டது.

கண் அப்படியல்ல. போன பார்வை திரும்பாது. பூனையும் வாய்விட்டுச் சொல்லாது. பழகிய வீட்டில் மீசையாலும் ஞாபகத்தாலும் நடந்து திரியும். கதிரையை இடம் மாற்றி வைத்த அன்று மோதும்போதுதான் வீட்டாருக்குத் தெரியவரும்.

பச்சை இறைச்சி கொடுத்தால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். இதே டேவிஸ் வளாகத்தில் 2000களின் தொடக்கத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பூனைகளுக்கு முழு முயலை எலும்போடும் உள்ளுறுப்போடும் அரைத்துப் பச்சையாகக் கொடுத்தார்கள். மாதக் கணக்கில் பூனைகள் பளபளப்பாக, நல்ல தோற்றத்தோடு இருந்தன. பிறகு ஒரு பூனை திடீரென்று இறந்தது. பார்த்தால் டவுரின் குறைந்து இருதயம் பழுதாகியிருந்தது. மற்றப் பூனைகள் பலவற்றிலும் அதே குறை தொடங்கியிருந்தது. பச்சைதான், இயற்கைதான், முழு மிருகம்தான். ஆனாலும் போதவில்லை. முயல் இறைச்சியில் டவுரின் குறைவு. அரைத்து வைக்கும்போது இருப்பதும் குறைந்து போகும்.

எனவே நாம் சொல்ல வருவது இதுதான். பச்சையா அவித்ததா என்பது இரண்டாவது கேள்வி. எந்த இறைச்சி, அதில் எந்தப் பகுதி, அதோடு என்ன சேர்ப்பது என்பதுதான் முதற் கேள்வி.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

கோழி: இங்கு மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது இதுதான். ஆனால் எம்மவர் செய்யும் தெரிவு தலைகீழ். "நல்ல இறைச்சி" என்று வெள்ளை நெஞ்சுத் துண்டைப் பூனைக்குப் போட்டு, தொடையை நாம் கறி வைக்கிறோம். பூனைக்கு வேண்டியது தொடை. அதிகம் உழைக்கும் தசையில்தான் டவுரின் அதிகம். 100 கிராம் நெஞ்சிறைச்சியில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருந்தால், தொடையில் ஏறத்தாழ 170 மில்லிகிராம் இருக்கும். விலையிலும் தொடைதான் குறைவு. கொஞ்சம் தோலும் கொழுப்பும் சேர்ந்தால் நல்லது.

வான்கோழி: இதிலும் கறுத்த கால் இறைச்சியே சிறந்தது. கோழித் தொடையை விடவும் டவுரின் கூடியது. கோழி ஒத்துக்கொள்ளாத பூனைகளுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இருதயம்: இரவும் பகலும் நிற்காமல் உழைக்கும் தசை இது. எனவே டவுரின் நிறைந்தது. துருக்கி, அரபுக் கடைகளில் கோழி இருதயம் கிடைக்கும். டெனிஷ் சுப்பர் மார்க்கற்றுகளில் பன்றி இருதயம் மலிவாகக் கிடைக்கும். மொத்த இறைச்சியில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூட, இருதயம் இருப்பது வழக்கம். பார்க்க அருவருப்பு என்று ஒதுக்க வேண்டாம். பூனைக்கு அதுதான் பலகாரம்.

மாட்டிறைச்சி: நல்ல இரும்புச்சத்து உண்டு. டவுரின் நடுத்தரம். சமய வழக்கப்படி மாட்டிறைச்சியை வீட்டுக்குள் எடுக்காத குடும்பங்கள் எம்மில் பல. அவர்கள் கவலைப்படத் தேவையில்லை. கோழித் தொடை, வான்கோழி, ஆடு இவற்றைக் கொண்டே சமாளிக்கலாம். பூனைக்கு இன்ன மிருகம்தான் வேண்டும் என்றில்லை.

பன்றி இறைச்சி: டென்மார்க்கில் இதற்குப் பஞ்சமில்லை. பன்றியிலிருந்து பூனைக்குத் தொற்றிச் சாகடிக்கும் ஒரு வைரஸ் நோய் இருந்தது. டென்மார்க்குப் பண்ணைகளில் அது பல வருடங்களுக்கு முன்பே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பன்றி இறைச்சியை அவித்தே கொடுப்பது பாதுகாப்பு. உப்பிட்ட, புகையூட்டிய பன்றித் துண்டுகளைக் கொடுக்கவே கூடாது.

ஆடு, முயல், தாரா: மாற்றத்திற்கு நல்லவை. முயலை மட்டும் தனியே நம்பக்கூடாது என்பதை மேலே சொன்னோம்.

ஈரல்: விற்றமின் ஏ நிறைந்தது. பூனைக்கு மிகவும் பிடிக்கும். அதுதான் ஆபத்தும். ஒரு கிலோ இறைச்சிக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். 1960களில் ஆஸ்திரேலியாவில், நாள் தோறும் ஈரலே தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போய், தலையைத் திருப்ப முடியாமல் போனதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மலிவு என்று ஈரலாலேயே வயிற்றை நிரப்பக் கூடாது.

முட்டை: நல்ல புரதம். மஞ்சட் கருவைக் கொடுக்கலாம். வெள்ளைக் கருவை அவித்த பின்பே கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக் கரு, பயோட்டின் என்ற விற்றமினை உடம்பில் சேரவிடாது தடுக்கும்.

பால்: தெனாலிராமன் பூனை பாலைக் கண்டு ஓடியது கதை. உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செமிக்காது. வயிற்றால் போகும். தண்ணீர் வைத்தால் போதும்.

மீன் பற்றித் தனியாக

எம்மவருக்கும் பூனைக்கும் உள்ள பெரிய ஒற்றுமை மீன். கோடையில் கடற்கரையிலும் துறைமுகத்திலும் தூண்டில் போடும் எம்மவர் உண்டு. (18 வயதிலிருந்து முதியோர் ஓய்வூதிய வயது வரை உள்ளவர்கள் மீன்பிடி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.) பிடித்து வரும் மீனில் பூனைக்கும் பங்கு போகும். இங்குதான் கவனம் தேவை.

டெனிஷில் 'சில்ட்' எனப்படும் மீன் எமது சூடை, சாளை இனத்தைச் சேர்ந்தது. அதிலும் அதன் சிறிய உறவாகிய 'பிரிஸ்லிங்' மீனிலும் விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு நரிப் பண்ணையில் பச்சைக் கெண்டை மீன் கொடுத்து வளர்த்த நரிகள் கால் இழுத்து, வலிப்பு வந்து இறந்தன. அந்த நோய்க்குப் பண்ணைக்காரரின் பெயரையே வைத்து 'சஸ்டெக் வாதம்' என்றார்கள். காரணம் இதே பொருள்தான். பூனைக்கும் இப்படியே நடக்கும். முதலில் சாப்பாட்டில் வெறுப்பு வரும். பிறகு தள்ளாட்டமும், தலை நெஞ்சை நோக்கிக் கவிழ்வதும், வலிப்பும் வரும். நேரத்தோடு வைத்தியரிடம் கொண்டு போனால் பி1 ஊசியால் தேறலாம்.

இதற்கு மருந்து எமது குசினியிலேயே உண்டு. மீனை அவித்துவிட்டால் அந்தப் பொருள் செயலிழந்துவிடும். 'டோர்ஸ்க்' எனப்படும் வெள்ளை மீனில் அது இல்லை. ஆனாலும் அவித்துக் கொடுப்பதே பழக்கமாக இருக்கட்டும். முள்ளை எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, மீனையே நாள் தோறும் கொடுக்கக் கூடாது. எண்ணெய் மிகுந்த மீனை மட்டும் தின்னும் பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து, உடம்பிலுள்ள கொழுப்பு மஞ்சளாகி வீங்கும். தொட்டாலே நோகும். பெரிய சூரை மீனில் பாதரசமும் சேர்ந்திருக்கும். 1950களில் ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் கலந்த மீனைத் தின்ற பூனைகள்தான் மனிதருக்கு முன்னரே ஆடி விழுந்து செத்தன. அந்த அளவு பாதரசம் கடை மீனில் இல்லைத்தான். ஆயினும் வாரத்தில் ஒருமுறை, சிறிய மீன், அவித்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். சூரை ரின்னை நாள் தோறும் உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். ருசி கண்ட பூனை பிறகு வேறொன்றையும் திரும்பிப் பாராது.

எலும்பை மறந்த இறைச்சி

தனி இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய உண்டு, கல்சியம் மிகக் குறைவு. எலி தின்னும் பூனைக்கு எலும்பிலிருந்து கல்சியம் கிடைத்தது. தனி இறைச்சி மட்டும் தின்னும் குட்டிக்கு உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கல்சியம் எடுக்கும். வளரும் குட்டி மேசையிலிருந்து குதித்ததும் கால் முறிவது இதனால்தான்.

பச்சை எலும்பை நன்றாக அரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அவித்த எலும்பைக் கொடுக்கவே கூடாது. அது ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கறியில் கிடந்த கோழி எலும்பும் அப்படியே. எலும்புக்குப் பதிலாக முட்டைக் கோதைக் கழுவி, சூட்டில் காயவைத்து, மாவாக அரைத்துக் கொள்ளலாம். எலும்பில்லாத ஒரு கிலோ இறைச்சிக்கு 5 அல்லது 6 கிராம் கோது மா, அதாவது ஒரு தேக்கரண்டியளவு, ஏறத்தாழச் சரியாக இருக்கும்.

டவுரின் தூளும் வேண்டும். நல்ல இறைச்சியைத் தெரிவு செய்தாலும் காவலுக்கு அதைச் சேர்ப்பது வழக்கம். விற்றமின் ஈ, அயடீன் போன்றவையும் உண்டு. இவற்றை மனம் போனபடி கலக்கக் கூடாது. 2019இல் டேவிஸ் வைத்தியர்கள், புத்தகங்களிலும் பிற இடங்களிலும் வந்த 114 வீட்டுச் செய்முறைகளை எடுத்துச் சோதித்தார்கள். எல்லாச் சத்தும் சரியாக அமைந்த செய்முறை அதில் ஒன்று கூட இல்லை. எனவே முழுக்க வீட்டுச் சாப்பாடு கொடுக்க விரும்புபவர்கள், தங்கள் பூனையின் வயது, நிறை, வருத்தம் எல்லாவற்றையும் சொல்லி, மிருக வைத்தியரிடம் ஒரு செய்முறையை எழுதி வாங்குங்கள். டெனிஷ் பேச இடறினால் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போங்கள்.

இனி, பச்சையா அவித்ததா?

இதில் பூனையை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் குசினியில்தான் எமது குழந்தைக்குப் பால் கரைக்கிறோம்.

டென்மார்க்கில் கோழிகளில் சல்மொனெல்லாவைக் கட்டுப்படுத்துவதில் நல்ல வெற்றி கண்டிருக்கிறார்கள். ஆனால் கம்பிலோபக்டர் என்ற கிருமி கடைக் கோழியில் சாதாரணமாக இருக்கும். சாப்பாட்டால் வரும் பக்ரீரியா நோய்களில் இந்நாட்டில் முதலிடம் அதற்குத்தான். பிறீசரில் வைத்தால் குறையும், ஒழியாது. பூனை பச்சை இறைச்சியைக் கோப்பையில் தின்றுவிட்டு, கம்பளத்தில் இழுத்து, வாயை நக்கி, பிறகு தவழும் பிள்ளையின் முகத்தையும் நக்கும்.

அடுத்தது பறவைக் காய்ச்சல். 2023 கோடையில் போலந்தில் பல இடங்களில் வீட்டுப் பூனைகள் எச்5என்1 வைரசால் இறந்தன. பச்சைக் கோழி இறைச்சி மீது சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டு யூலையில் தென்கொரியாவின் சியோல் நகரில் பூனைக் காப்பகங்களில் பச்சைச் சாப்பாட்டிலேயே அந்த வைரஸ் இருந்தது. 2024 டிசெம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வெளியே போகாத ஒரு வீட்டுப் பூனை, உறைய வைத்த பச்சை வான்கோழிச் சாப்பாட்டைத் தின்று இறந்தது. உறையவைத்தல் அந்த வைரசைக் கொல்லவில்லை. நன்றாக அவிப்பது கொல்லும்.

கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பச்சை இறைச்சியிலிருந்தும் எலியிலிருந்தும் பூனைக்கு டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம். அது பூனையின் மலத்தில் வந்து, ஒரு நாளோ அதற்கு மேலோ கிடந்த பின்புதான் எமக்குத் தொற்றும். எனவே மலப்பெட்டியை நாள் தோறும் கழுவினால் பயம் குறைவு. அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது, கணவர் செய்யட்டும். கர்ப்பம் என்றவுடன் "பூனையைத் துரத்து" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வீட்டுக்குள்ளேயே இருந்து அவித்த சாப்பாடு தின்னும் பூனையால் வரும் ஆபத்து மிகச் சிறிது. துரத்தத் தேவையில்லை.

ஆகவே கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோயாளி உள்ள வீடுகளில் பச்சை வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். உப்பு, தூள் ஒன்றும் இல்லாமல், சிறு துண்டாக வெட்டி, கொஞ்சத் தண்ணீரில், உள்ளே சிவப்பு இல்லாமல் அவித்துக் கொடுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். டவுரின் தண்ணீரில் கரைந்து இறங்கும். அந்தத் தண்ணீரையும் ஆறவைத்து இறைச்சியோடு சேர்த்துக் கொடுங்கள்.

பச்சையாகத்தான் கொடுப்போம் என்பவர்கள் பலகையையும் கத்தியையும் தனியாக வைத்திருக்க வேண்டும். பிறிஜ்ஜின் கீழ்த் தட்டில் வைத்து உருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் தின்னாததை எறிய வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எம்மவருக்கு இந்தச் சுத்தம் புதிதல்ல. வேலைத்தலத்தில் செய்வதை வீட்டிலும் செய்தால் சரி.

எமது குசினியில் உள்ள நஞ்சு

வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். அவித்தாலும் பொரித்தாலும் தூளாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. எமது கறி எதுவும் இவை இல்லாமல் இல்லை. எனவே கறியில் கிடந்த இறைச்சியைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது. டெனிஷ்காரர் பாணில் பூசும் ஈரல் பசையிலும் வெங்காயமும் உப்பும் உண்டு. வினாகிரியில் ஊறிய 'சில்ட்' போத்தலிலும் வெங்காயம் கிடக்கும். பூனைக்குக் காய்ச்சல் போல இருக்கிறதே என்று பனடோல் கொடுக்கவே வேண்டாம். ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

"பசித்தால் தின்னும்" என்பது எமது பழைய வைத்தியம். பூனைக்கு அது பொருந்தாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால், கொழுப்பு ஈரலில் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். புதிய இறைச்சிக்கு மாற்றும்போது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் பழைய சாப்பாட்டையே திரும்ப வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள்.

வேலையும் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு

காலை வேலை, மாலை வேலை என்று ஓடும் வீட்டில் கிராம் கணக்குப் பார்த்து அரைக்க நேரம் இல்லை. அவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. கடைச் சாப்பாட்டுப் பெட்டியில் 'ஃபுல்ஃபோடர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது முழுச் சாப்பாடு என்று பொருள். 'டில்ஸ்குட்ஸ்ஃபோடர்' என்றிருந்தால் அது துணைச் சாப்பாடு மட்டுமே. படத்தில் அழகான மீன் இருந்தாலும் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. மலிவான பெட்டியிலும் 'ஃபுல்ஃபோடர்' என்ற சொல் இருந்தால், பூனைக்கு வேண்டிய டவுரினும் கல்சியமும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி.

அதை அடிப்படையாக வைத்துக் கொண்டு, நாளுக்கு ஒரு துண்டு அவித்த கோழித் தொடையோ இருதயமோ கையால் கொடுங்கள். மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாவிட்டால் கணக்கு ஒன்றும் பிழைக்காது. பிள்ளைக்கும் கையால் ஊட்டிய சந்தோசம், பூனைக்கும் இறைச்சி தின்ற சந்தோசம்.

பூனை எடுக்கும் முன்னர், உங்கள் குடியிருப்பின் விதியில் வளர்ப்புப் பிராணிக்கு இடம் உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். அடிபட்ட, கைவிடப்பட்ட மிருகங்களைக் கண்டால் 1812 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம்.

ஒரு கிழமை உங்கள் பூனை தின்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். நெஞ்சிறைச்சியும் சூரை ரின்னும் சோறுமாக இருந்தால், இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போகும்போது தொடையும் கொஞ்ச இருதயமும் வாங்கி வாருங்கள்.

அடுத்த இதழில் குளிர்காலத்தில் மாடிவீட்டுச் சுவரில் பிடிக்கும் பூஞ்சணம் பற்றி எழுதுவோம்.